நகரா விசை

பூட்டு என்றால் நம் நினைவுக்கு வருவது திண்டுக்கல். அவ்வூரில் செய்த மாங்காய்ப் பூட்டு ஒன்று நம் வீட்டு அலமாரியில் இன்றும் இருக்கிறது. கையில் எடுத்தால் கனக்கும். அதற்குரிய சாவியும் உடன் இருக்கிறது. பூட்டுவதற்குத்தான் பெட்டி இல்லை. 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை நாளேட்டில் படித்துக் காட்டியபோது நம் தந்தையார், “பூட்டுக்குப் பெருமை வந்துவிட்டது, உள்ளே வைத்ததைக் காப்பாற்றுமா என்பதுதான் கேள்வி” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்; ஆகவே எவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

தந்தையார் 2023-ஆம் ஆண்டு ஆவணியில் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற மற்றொரு பூட்டைத் திறக்க மாட்டாமல் நாம் ஏறத்தாழ ஓராண்டு அலைந்தோம். பெங்களூரில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்றில்லாவிட்டாலும் நாளை இது நேரக்கூடும் என்பதால் இம்மலரில் அதனை எழுதுகிறோம்.

தந்தையாரின் ஊர் வேலூரை அடுத்த பாகாயம். மருத்துவக் கல்லூரியால் பலரும் அறிந்த ஊர். அவருக்கோ அது கிணறும் புளியந்தோப்பும் மலையடிவாரமும். பள்ளியிறுதி வகுப்பை முடித்ததும் வேலூரில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்து, தமிழ்த் தட்டச்சில் இளநிலையும் முதுநிலையும் தேறினார். தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956-இல் இயற்றப்பட்டிருந்தமையால், தமிழ்த் தட்டச்சு தெரிந்தவனுக்கு அரசு வேலை உறுதி என்று பெரியவர்கள் நம்பிய காலம் அது. அவருக்கு அவ்வேலை வாய்க்கவில்லை. 1973-இல் பெங்களூருக்கு வந்து, தூரவாணி நகரில் இருந்த இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையில் ஆங்கிலத் தட்டச்சராக அமர்ந்தார். முப்பத்தாறு ஆண்டுகள் அங்கே பணி செய்தார். அந்த முப்பத்தாறு ஆண்டுகளிலும் அவர் கற்ற தமிழ்த் தட்டச்சுக்கு ஒரு நாளும் வேலை இருக்கவில்லை.

ஆனால் எழுதும் பழக்கம் அவரை விடவில்லை. இரவில் சாப்பாடானதும், நீள்கோடு போட்ட குறிப்பேட்டில் ஊர்ச் செய்திகளை எழுதுவார். யார் வீட்டுப் பிள்ளை எந்த ஆண்டு ஊரை விட்டுப் புறப்பட்டான், யார் கோலார் தங்கவயலுக்குப் போனார், எந்த வயல் யாருக்குக் கைமாறியது என்பனவெல்லாம் அதில் இருக்கும். அப்படி எழுதிய குறிப்பேடுகள் ஒரு தகரப் பெட்டியில் சேர்ந்தன. அந்தப் பெட்டிக்குத்தான் மேலே சொன்ன மாங்காய்ப் பூட்டு.

1991-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தைப் பற்றி இம்மலரைப் படிப்போருக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி எழுந்த கலவரத்தில் நம்மவர் பலர் வீடு வாசல் இழந்தனர். நமக்கு அப்போது பன்னிரண்டு வயது. உடுத்திய உடையோடு இரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, பாகாயத்தில் மூன்று வாரம் இருந்தோம். திரும்பி வந்தபோது தகரப் பெட்டியைத் தெருவில் கண்டோம். பூட்டை எவரும் திறக்கவில்லை. பெட்டியின் பின்புறத்தைப் பிளந்திருந்தார்கள். குறிப்பேடுகள் சாம்பலாகியிருந்தன. எதிர்வீட்டில் இருந்த கன்னட மூதாட்டி, நாம் இல்லாத நாட்களில் நம் வீட்டுக் கதவில் தாமே ஒரு கோலமிட்டு, இது தம் உறவினர் வீடென்று சொல்லிப் பாதிப் பொருளைக் காத்தவர். அவர் அந்தப் பூட்டைத் தந்தையார் கையில் கொடுத்து, “பீக மாத்ர உளிதிதெ” என்றார். பூட்டு மட்டுமே மிஞ்சியது என்பது பொருள். அவர் கண் கலங்கியிருந்தது நமக்கு நினைவிருக்கிறது.

அதன் பின் பதினெட்டு ஆண்டுகள் தந்தையார் எதையும் எழுதவில்லை.

2009-இல் பணி ஓய்வு பெற்றார். அவ்வாண்டு ஆகஸ்ட் 9-ஆம் நாள், அல்சூர் ஏரிக்கரை அருகே 1991 முதல் மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலை திறந்து வைக்கப்பட்டது. கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு இரவு வீடு திரும்பியவர், செருப்பைக் கழற்றும்போதே, “நானும் எழுதலாமென்று இருக்கிறேன்” என்றார். மறு ஆண்டு பழைய மடிக்கணினி ஒன்றை விலைக்கு வாங்கினார். தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பிலேயே கணினியில் எழுத வழியுண்டு என்று யாரோ சொல்ல, அதனை நிறுவிக்கொண்டார். அறுபது வயதை நெருங்கியவரின் விரல்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முன் கற்ற இடங்களுக்குத் தாமாகவே சென்றதைக் கண்டு அம்மா வியந்துபோனார்.

அந்தக் கணினிக்குத் தந்தையார் ஒரு கடவுச்சொல் இட்டிருந்தார். மின்பொத்தானை அழுத்தியவுடன், வேறெதுவும் தோன்றுமுன், கரிய திரையில் ஒரு சிறு கட்டம் வரும். அவர் இருந்தவரை அதனை நாம் கவனித்ததில்லை. அவர் மறைந்த பின், கருமாதியும் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கணினியைத் திறந்தபோதுதான் அந்தக் கட்டம் நம்மைத் தடுத்து நிறுத்தியது.

நாம் மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். கடவுச்சொல் மறந்த அதிகாரிகளை நாள்தோறும் பார்க்கிறோம். ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் மறுநாள் புதுச்சொல் வந்துவிடும். இதுவும் அப்படித்தான் என்று எண்ணி, கணினியைப் பையிலிட்டுக்கொண்டு சதர் பத்ரப்பா சாலைக்குப் போனோம். நகர மண்டபத்துக்கு அருகே, எஸ்.பி. ரோடு என்று எல்லோரும் அழைக்கும் அத்தெருவில் கிடைக்காத கணினி உறுப்பு இல்லை. பழுது பார்க்க அஞ்சும் கடைக்காரரும் இல்லை. ஆனால் முதல் கடைக்காரர் திரையைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். இரண்டாம் கடைக்காரரும் அவ்வாறே. மூன்றாவது கடையில் இருந்த இளைஞர் பொறுமைசாலி. சேலத்துக்காரர். அவர் உட்காரவைத்து விளக்கியதை நாம் விளங்கிக்கொண்ட அளவில் இங்கே தருகிறோம்.

கணினியில் கடவுச்சொல் மூன்று இடங்களில் இருக்கக்கூடும். ஒன்று, இயக்க மென்பொருள் கேட்பது. அது வீட்டு வாசற்கதவு போன்றது. உள்ளே இருக்கும் வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தால், தட்டில் எழுதியவற்றை மறைகுறியாக மாற்றி வைத்திருந்தாலன்றி, படித்துவிடலாம். இரண்டாவது, கணினி விழித்தெழும்போது அதன் தாய்ப்பலகை கேட்பது. பழைய மேசைக் கணினிகளில் காசளவு மின்கலத்தைச் சற்று நேரம் எடுத்து வைத்தாலே அது மறந்துவிடும். மூன்றாவது, வன்தட்டுக்கே இட்ட பூட்டு. இது தாய்ப்பலகையில் இல்லை, வன்தட்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. மின்கலத்தை எடுத்தாலும் பயனில்லை. தட்டை வேறு கணினிக்கு மாற்றினாலும் பயனில்லை. எங்கே கொண்டுபோனாலும் அது தன் சொல்லைக் கேட்கும். தட்டோடு இணைந்துள்ள சிறு மின்பலகை, சரியான சொல்லைப் பெறும்வரை ஓர் எழுத்தையும் வெளியே விடாது. முப்பத்திரண்டு எழுத்துவரை அச்சொல் நீளலாம். ஐந்து முறை தவறினால் வாயை மூடிக்கொள்ளும். மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்தால்தான் அடுத்த ஐந்து முறை.

“அப்பா பெட்டிக்கு முன்னால பூட்டு போட்டதுல்ல சார் இது. பின்னால உடைச்சாலும் திறக்காது” என்றார் அவர். நம் வீட்டுத் தகரப் பெட்டியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஏதோ உவமையாகச் சொன்னார். நாம் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். தந்தையார் அந்த மூன்றாவது பூட்டை ஏன் தேடிப் பிடித்தார் என்பது அப்போது நமக்கு விளங்கியது.

வழியே இல்லையா என்று கேட்டோம். உண்டு என்றார். தட்டைச் செய்த நிறுவனம் வைத்த தலைமைச் சொல் ஒன்று உண்டு. அது அவருக்குத் தெரியும். ஆனால் பூட்டில் இரண்டு நிலைகள் இருக்கின்றன. கீழ்நிலையில் பூட்டியிருந்தால் தலைமைச் சொல்லாலும் திறக்கலாம். மேல்நிலையில் பூட்டியிருந்தால் தலைமைச் சொல்லுக்கு ஒரே ஓர் அதிகாரம்தான்: உள்ளே இருப்பதை முழுவதும் அழித்துவிட்டுத் திறப்பது. தந்தையாரின் தட்டு மேல்நிலையில் இருந்தது. “அழிச்சிட்டா புதுசு மாதிரி ஆயிடும். பாப்பா காலேஜுக்கு எடுத்துட்டுப் போகலாம். அழிச்சிடட்டுமா சார்?” என்று கேட்டு, விசைமேல் விரலை வைத்துக் காத்திருந்தார்.

இருபது ஆண்டுகளாகக் கோப்புகளை ஒப்புதலுக்கு அனுப்பியே பழகியவர் நாம். ஒப்புதல் தரும் இடத்தில் அமர்ந்ததில்லை. மகளுக்குக் கணினி தேவை என்பது உண்மை. அவள் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அது. புதிதாக ஒன்று வாங்குவது எழுத்தர் சம்பளத்தில் எளிதன்று. உள்ளே என்ன இருக்கிறது என்றும் நமக்குத் தெரியாது. வெறும் ஓய்வூதியக் கணக்காகவும் இருக்கலாம். ஆயினும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒருமுறை எரிந்ததை நாமும் ஒருமுறை எரிப்பதா என்ற எண்ணம் வந்தது. “வேண்டாம்” என்று சொல்லிக் கணினியைப் பையில் வைத்துக்கொண்டோம். அவர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

வீட்டில் கருத்து ஒன்றாக இல்லை. அவர் பூட்டி வைத்ததைத் திறப்பது முறையா என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது பிழை என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பவர்கள் நாம். அம்மாதான் முடிவு சொன்னார்: “அவர் பூட்டினது நமக்கு பயந்து இல்லப்பா. நமக்காக பூட்டினது.”

தந்தையாரின் நாட்குறிப்பைப் புரட்டினோம். 2010-ஆம் ஆண்டு நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில், எரிவாயு இணைப்பு எண், ஆயுள் காப்பீட்டு எண் இவற்றின் கீழே, “பெட்டிச் சாவி: ஊர்” என்று எழுதியிருந்தது. மகிழ்ச்சியில் துள்ளினோம். பாகாயம் என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதிப் பார்த்தோம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, பின்னால் பிறந்த ஆண்டு, முன்னால் அஞ்சல் குறியீடு. வேலூர், காட்பாடி, அம்மாவின் ஊர், குலதெய்வத்தின் ஊர். ஐந்து முறை தவறியதும் மின்சாரத்தை நிறுத்துவோம், மீண்டும் தொடங்குவோம். எழுதிப் பார்த்த சொற்களை அலுவலக வழக்கப்படி வரிசை எண்ணிட்டுக் குறித்து வைத்தோம். இருநூற்றைத் தாண்டியதும் மகள், “தாத்தா நம்மள ஏமாத்திட்டாரு” என்றாள். கணினி மீண்டும் பரண்மேல் ஏறியது.

2024 ஆவணியில் முதலாண்டு நினைவு நாளுக்கு வேலூரிலிருந்து அத்தை வந்திருந்தார். தந்தையாருக்கு இரண்டு வயது இளையவர். படையல் முடிந்த மாலையில், மகள் கைப்பேசியில் தமிழ் எழுதுவதை அவர் அருகிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இக்காலப் பிள்ளைகள் ஆங்கில எழுத்தைத் தட்டுகிறார்கள்; தமிழ் தானாக வந்து நிற்கிறது. அத்தைக்கு அது வேடிக்கையாக இருந்தது. “நாங்க அப்படியா கத்துக்கிட்டோம்? நானும் எங்க அண்ணனும் ஒரே பயிலகம். காலையில ஆறு மணிக்கு உட்கார்ந்தா யளனகப, யளனகப-ன்னு விரல் வீங்கிடும்” என்று சொல்லி, மடியிலேயே விரல்களை ஓட்டிக் காட்டினார்.

அப்போதுதான் நமக்குப் பொறி தட்டியது. ஆங்கில விசைப்பலகையில் ஏ இருக்கும் இடத்தில் தமிழ்த் தட்டச்சுப் பொறியில் ய இருக்கும். அடுத்தடுத்து ள, ன, க, ப. வலக்கைப் பக்கம் துணைக்கால், த, ம, ட. சுண்டுவிரலின் கீழே புள்ளி. கடவுச்சொல் கேட்கும் கரிய திரைக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எந்த விசை அழுத்தப்பட்டது என்பது ஒன்றே அதற்குத் தெரியும். தந்தையாரோ தம் வாழ்நாளில் தமிழை வேறு எவ்வகையிலும் தட்டியவர் அல்லர். ஊர்ப்பெயரை அவர் தமிழிலேயே எழுதியிருந்தால்?

பாகாயம் என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். ப, துணைக்கால், க, துணைக்கால், ய, ம, புள்ளி. அத்தனையும் விரல்கள் ஓய்ந்திருக்கும் நடுவரிசையிலேயே இருக்கின்றன. தட்டச்சு கற்கும் சிறுவன் முதல் வாரத்திலேயே தன் ஊர்ப்பெயரை அடித்துப் பார்த்து மகிழ்ந்திருப்பான்.

பரணிலிருந்து கணினியை இறக்கினோம். நடுங்கும் விரலால் ஒவ்வொரு விசையாகத் தேடி அழுத்தினோம். தவறு என்றது. மீண்டும் அழுத்தினோம், தவறு. மூன்றாம் முறை நாம் அடிப்பதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, நம் கையைத் தட்டிவிட்டார்.

“ஏம்ப்பா, புள்ளிய யாராவது கடைசியில வைப்பாங்களா? அது நகரா விசை. முதல்ல புள்ளி, அப்புறம்தான் ம.”

இதனை நாம் அறியாதது நம் குறையே. 247 எழுத்துகளை ஒரு சிறு பொறிக்குள் அடக்குவது எப்படி என்று முன்னோர் மண்டையை உடைத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்தில் 1886-இல் பிறந்து மலாயாவுக்குச் சென்று வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப் போற்றப்படுகிறார். அவர் கண்ட வழிதான் நகரா விசை. மற்ற விசைகளை அழுத்தினால் தாள் ஓரெழுத்து நகரும். நகரா விசையை அழுத்தினால் புள்ளி பதியும். தாள் நின்ற இடத்திலேயே நிற்கும். பின்வரும் எழுத்து அந்தப் புள்ளியின் கீழே வந்து அமரும். எனவே கையால் எழுதும்போது கடைசியில் வைக்கும் புள்ளியைப் பொறியில் முதலில் வைக்க வேண்டும். பிழைப்புக்காகக் கடல் கடந்த ஒருவர் கண்டுபிடித்ததை, பிழைப்புக்காக மலை ஏறி வந்த ஒருவர் தம் பெட்டிக்குச் சாவியாக்கியிருக்கிறார்.

அத்தை கண்ணாடியைக் கூடப் போட்டுக்கொள்ளவில்லை. பத்து விரல்களையும் நடுவரிசையில் வைத்து, கண்ணை மூடி, ஒரே ஓட்டத்தில் ஏழு விசைகளை அழுத்தினார். கரிய கட்டம் மறைந்தது. ஓராண்டுக்குப் பின் அந்த வன்தட்டு சுழலும் மெல்லிய ஒலியை வீடே கேட்டது. அம்மா எழுந்து சென்று விளக்கைத் தூண்டிவிட்டு வந்தார்.

உள்ளே ஓய்வூதியக் கணக்கும் இருந்தது. அதனுடன், நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில், எரிந்துபோன குறிப்பேடுகளை நினைவிலிருந்து மீண்டும் எழுதியிருந்தார். ஊரை விட்டுச் சென்ற குடும்பங்களின் பட்டியல் அதில் இருக்கிறது. 2001-இல் மூடப்பட்ட கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள், பெங்களூர் ஆலைகளுக்கு வந்தவர்கள், சிங்கப்பூருக்குக் கப்பலேறியவர்கள் என ஒவ்வொருவருக்கும் புறப்பட்ட ஆண்டும் வீட்டுப் பெயரும். நினைவுக்கு எட்டாத இடங்களில், “இது முன்பு எழுதியிருந்தேன், இப்போது வரவில்லை” என்று குறித்திருக்கிறார். 1991-ஆம் ஆண்டைப் பற்றி ஒரே ஒரு பக்கம். அதில் இழந்தவற்றின் கணக்கு இல்லை. எதிர்வீட்டு மூதாட்டியின் பெயரும், அவர் நம் வாசலில் இட்ட கோலத்தின் புள்ளி எண்ணிக்கையுமே இருந்தன. கடைசிப் பக்கம் ஒரு வாக்கியத்தின் நடுவில் நிற்கிறது.

இனி அந்தப் பூட்டை அகற்றும் வேலை. சேலத்து இளைஞரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். மிக எளிது என்றார். கணினியின் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று, வன்தட்டின் கடவுச்சொல்லை மாற்றும் இடத்தில் பழைய சொல்லை ஒருமுறை எழுதி, புதிய சொல்லுக்குரிய இரண்டு கட்டங்களையும் வெறுமையாக விட்டு ஒப்புதல் விசையை அழுத்தினால் போதும். அரை நிமிட வேலை. பழைய சொல்லை அறிந்தவரால் அரை நிமிடத்தில் ஆவது, அறியாதவரால் ஓராண்டிலும் ஆகவில்லை. முதலில் எல்லாப் பக்கங்களையும் வேறிரு இடங்களில் படி எடுத்துக்கொண்டோம். பிறகு பழைய சொல்லை அத்தையே அழுத்தினார். ஒப்புதல் விசையை, இம்முறை, நாமே அழுத்தினோம்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் நிலப்பத்திரமும் காப்பீட்டுப் பத்திரமும் எங்கே இருக்கின்றன என்பது மனைவி மக்களுக்குத் தெரியும். கணினியின் சொல்லும் கைப்பேசியின் சொல்லும் தெரியா. அவற்றை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, பத்திரங்களோடு வையுங்கள். எந்த மொழியில், எந்த விசை அமைப்பில் எழுதியது என்பதையும் குறியுங்கள். நமக்கு எளிய குறிப்பு நம் பேரப்பிள்ளைகளுக்கு விடுகதை. தந்தையார் “ஊர்” என்று எழுதினால் போதும் என்று நம்பினார். அந்த ஊரைத் தமிழில் தட்டத் தெரிந்த விரல் நம் வீட்டில் ஒன்றுகூட இல்லை என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. நாம்கூட அதனை அன்றுதான் உணர்ந்தோம்.

மகளுக்குத் தவணையில் வேறு கணினி வாங்கினோம். பழையது அம்மாவின் அறையில் இருக்கிறது. மாங்காய்ப் பூட்டு அதன் பக்கத்தில், திறந்தபடி. அத்தை ஊருக்குத் திரும்ப வேண்டிய நாளை இருமுறை தள்ளிப் போட்டார். மாலைதோறும் கல்லூரியிலிருந்து வந்ததும் மகள் அவரெதிரே உட்காருவாள். அலுவலகத்திலிருந்து வரும்போது தெருமுனையிலேயே நமக்குக் கேட்கும், இரண்டு குரல்கள் சேர்ந்து: யளனகப, யளனகப.